ராபர்ட் பாஷ்

ராபர்ட் பாஷ் (செப்டம்பர் 23, 1861 – மார்ச் 12, 1942) ஜெர்மனியைச் சேர்ந்த நுண்கருவியாளரும் தொழிலதிபரும் ஆவார். கார், மோட்டார் சைக்கிள் போன்ற ஊர்திகளின் எஞ்சினுள் எரிபொருளைப் பற்றவைக்கும் மேக்னெட்டோ என்னும் மின்கருவியை நம்பத்தக்க வடிவில் செய்து பரப்பியமைக்காக இவர் அறியப்படுகிறார். மேக்னெட்டோவைக் கண்டுபிடித்தவர் இவரே என்று கூறப்படுவதுண்டு, அது சரியன்று. இவருக்கு முன்பே அக்கருவி இருந்தது. அதை ஓடும் ஊர்திக்கு ஏற்றதாக்கிய முக்கியத் திருத்தங்களும் இவரது பட்டறையில் பணியாற்றிய இருவருடையவை. திறமையானவர்களைக் கண்டறிந்து பணியமர்த்தியதும், குறையுள்ள பொருளை வெளியே அனுப்ப மறுத்ததுமே பாஷின் பங்காகும்.

பிறப்பும் பயிற்சியும்

தென் ஜெர்மனியில் ஊல்ம் நகருக்கு அருகிலுள்ள ஆல்பெக் என்னும் சிற்றூரில், பன்னிரண்டு பிள்ளைகளில் பதினோராவதாகப் பிறந்தார். தந்தை செர்வாட்டியுஸ் பாஷ் நிலமும் விடுதியும் உடையவர். ஊல்மில் பள்ளிப் படிப்பை முடித்தபின் 1876 முதல் 1879 வரை நுண்கருவித் தொழில் பயின்றார். ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரியில் சிறிது காலம் பாடங்கேட்டாரேயன்றிப் பட்டம் பெறவில்லை. 1884இல் அமெரிக்கா சென்று எடிசனின் நிறுவனத்தில் பணியாற்றினார். அடுத்து இங்கிலாந்தில் சீமன்ஸ் சகோதரர்கள் நிறுவனத்திலும் வேலை பார்த்தார். பிற்காலத்தில் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் பாஷ் இவருடைய அண்ணன் மகன்.

பட்டறை

1886 நவம்பர் 15 அன்று ஸ்டுட்கார்ட் நகரில் நுண்கருவி, மின்பொறியியல் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். உடனிருந்தவர்கள் ஒரு தொழிலாளியும் ஓர் எடுபிடிப் பையனும் மட்டுமே. தொலைபேசி, மின்மணி என்று வந்த வேலைகளையெல்லாம் எடுத்துச் செய்தனர். வாடிக்கையாளர் வீடுகளில் நடக்கும் வேலையை மேற்பார்வையிடப் பாஷ் மிதிவண்டியில் சென்றுவருவார். அக்காலத்தில் அந்நகருக்கு அது புதுமை. 1890களின் தொடக்கத்தில் வேலை குறைந்து, தொழிலாளர்களில் பெரும்பாலோரை நீக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

இப்பட்டறையைக் காப்பாற்றிய பொருள் 1887இலேயே வந்துவிட்டது. எஞ்சின் கட்டும் ஒருவர், டாய்ட்ஸ் நிறுவனத்தின் எஞ்சினில் உள்ளதைப் போன்ற மேக்னெட்டோ ஒன்று செய்து தரும்படி கேட்டார். பாஷ் ஷோர்ன்டார்ஃப் என்னும் ஊருக்குச் சென்று அதை நேரில் பார்த்தார். அதற்குக் காப்புரிமை இல்லை என்று அறிந்து, சில திருத்தங்களுடன் தாமே செய்யலானார். எனினும் அது ஓரிடத்தில் நிலையாக நின்று மெதுவாகச் சுழலும் எஞ்சினுக்கு மட்டுமே பொருந்தியது.

தீப்பொறிச் சிக்கல்

அக்கால ஊர்திகளில் பற்றவைப்பே மிகவும் தொல்லை தந்த பகுதி. டைம்லர் எஞ்சின்களில் ஒரு குழாயை வெளியிலிருந்து தீச்சுடரால் பழுக்கக் காய்ச்சினர். இதில் தீ விபத்து அபாயம் இருந்தது. பென்ஸ் மின்கலத்தையும் சுருளையும் பயன்படுத்தினார். மின்கலம் தீர்ந்துவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். வழியில் மின்னேற்றவும் வசதி இல்லை.

1897இல் பிரடெரிக் சிம்ஸ் என்னும் தொழில்முனைவர் டி டியோன்-பூட்டோன் மோட்டார் மூவுருளி ஒன்றைப் பாஷின் பட்டறைக்கு அனுப்பி, அதற்கு மேக்னெட்டோ பொருத்தித் தரக் கேட்டார். மோட்டார் சைக்கிளுக்கு நெருங்கிய உறவான அந்த வண்டியின் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,800 முறை சுழன்றது. கனமான சுருளை அவ்வேகத்தில் முன்னும் பின்னும் அசைக்க இயலாது. பட்டறைத் தலைவர் அர்னால்ட் ஸேரிங்கர், சுருளை அசையாமல் நிறுத்தி, அதற்கும் காந்தத்துக்கும் இடையே மெல்லிய உலோக உறை ஒன்றை மட்டும் அசையச் செய்து இதைத் தீர்த்தார். மறு ஆண்டே சிம்சுடன் சேர்ந்து இலண்டனில் விற்பனை அலுவலகம் திறக்கப்பட்டது.

அடுத்த படியை 1902இல் ஹோனோல்ட் எடுத்தார். அதுவரை எஞ்சினுக்குள்ளேயே தொடுமுனைகள் பிரிந்து தீப்பொறி எழுப்பின. அவை விரைவில் தேய்ந்தன. ஹோனோல்ட் ஒரே உள்ளகத்தின் மேல் இரண்டு சுருள்களைச் சுற்றினார். தடித்த கம்பியாலான முதற் சுருளில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று துண்டிக்கப்படும்போது, மெல்லிய கம்பியாலான இரண்டாம் சுருளில் மிக உயர்ந்த மின்னழுத்தம் தோன்றும். அது ஸ்பார்க் பிளக்கின் இரு முனைகளுக்கிடையே உள்ள சிறு இடைவெளியைத் தாவிக் கடக்கும். இங்கே மின்கலம் வேண்டியதில்லை. மிதித்துச் சுழற்றுவதே மின்சாரம் தரும். 1903இல் அயர்லாந்தில் நடந்த கார்டன் பென்னட் பந்தயத்தில் கமீல் ஜெனாட்ஸி ஓட்டி வென்ற மெர்சிடிஸ் காரில் பாஷ் மேக்னெட்டோ இருந்தது.

கிளம்பாத வண்டியும் மேக்னெட்டோவும்

மேக்னெட்டோ பொருத்திய பழைய மோட்டார் சைக்கிள் கிளம்பாதபோது மெக்கானிக் செய்யும் சோதனை இக்கருவியின் அமைப்பையே பின்பற்றுகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கம்பியை அதிலேயே விட்டு, அதன் உலோக உடலை எஞ்சின்மீது படும்படி வைத்து மிதிக்க வேண்டும். (பெட்ரோல் ஆவி வெளிவரும் துளைக்கு அருகில் பிளக்கை வைத்தல் கூடாது.) நீலநிறத் தீப்பொறி வலுவாகத் தெரிந்தால் அடுத்து எரிபொருளையும் பற்றவைக்கும் நேரத்தையும் ஆராயலாம். தெரியாவிட்டால் முதலில் வேறொரு நல்ல பிளக்கை மாட்டிப் பார்ப்பர். அடுத்தது மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பாயிண்ட். எண்ணெய் படிந்தாலோ இடைவெளி மாறினாலோ பொறி எழாது. பாயிண்டிலேயே தீப்பொறி மிகுதியாகத் தெறித்து முனைகள் கருகினால் கண்டென்சர் பழுதாகியிருக்கக்கூடும்.

பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று நிறுத்துவிசைக்குச் செல்லும் கம்பியாகும். மேக்னெட்டோ எஞ்சினை நிறுத்துவதற்கு முதற் சுருளை வண்டியின் சட்டத்துடன் இணைத்தால் போதும். அக்கம்பியின் உறை தேய்ந்து சட்டத்தில் உரசினால், எவ்வளவு மிதித்தாலும் வண்டி கிளம்பாது. கருவியோ பழுதின்றி இருக்கும். அக்கம்பியைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்த்தால் உண்மை விளங்கும். குளிர்ந்திருக்கையில் கிளம்பி, சூடானபின் நிறுத்தினால் மறுபடி கிளம்பாத வண்டியில் சுருளின் காப்புப் பூச்சையோ கண்டென்சரையோ ஐயுற வேண்டும்.

நடுவழியில் நின்ற வண்டிக்கு மேக்னெட்டோவே காரணமென்றால் பழி அதன்மேல் பொறித்த பெயருக்கே சேரும். பாஷ் தரத்தில் காட்டிய கண்டிப்பை இவ்வகையிலும் புரிந்துகொள்ளலாம். 1921இல் ஹாம்பர்க் நகரில் தொடங்கிய பாஷ் பழுதுபார்ப்பு நிலையம் பின்னர் பல நாடுகளில் கிளைத்தது.

தொழிலாளர்களும் போர்களும்

1906இல் பாஷ் தம் தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலைநாளை அறிமுகப்படுத்தினார். ஜெர்மனியில் இதை முதலில் செய்தவர்களுள் அவர் ஒருவர். ஆயினும் 1913இல் அங்கும் வேலைநிறுத்தம் நடந்தது. அவ்வாண்டு விற்பனையில் 88 விழுக்காடு வெளிநாடுகளில் நிகழ்ந்தது. முதல் உலகப் போர் அச்சந்தைகளைப் பறித்தது. அமெரிக்கக் கிளையை அந்நாட்டு அரசு கைப்பற்றி விற்றது. போர்த் தளவாடங்களால் ஈட்டிய இலாபத்தில் பெரும் பகுதியைப் பாஷ் பொதுப்பணிகளுக்கு வழங்கினார். மகன் ராபர்ட் நீண்ட நோய்க்குப்பின் 1921இல் இறந்தார்.

நாசி ஆட்சிக் காலம் இவரது வரலாற்றில் எளிதில் தீர்ப்பிட முடியாத பகுதி. பாஷ் அவ்வாட்சியை விரும்பவில்லை. இட்லருக்கு எதிராகச் செயல்பட்ட கார்ல் கோர்டலரை 1937இல் ஆலோசகராக அமர்த்தினார். நிறுவன மேலாளர் ஹான்ஸ் வால்ஸ் யூதர்களுக்கு மறைவாக உதவினார். இதற்காக 1969இல் இசுரேலின் யாத் வஷெம் அவரைச் சிறப்பித்தது. அதே நிறுவனம் படைக்கலத் தொழிலில் பெரும் பங்கு வகித்தது. போரின்போது சுமார் 20,000 பேர் அங்கே கட்டாய உழைப்புக்கு உட்படுத்தப்பட்டனர். 1942இல் பாஷ் ஸ்டுட்கார்ட்டில் இறந்தபோது, அவர் வெறுத்த அந்த அரசே அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தியது.

மறைவுக்குப் பின்

1964 முதல் நிறுவனப் பங்குகளில் பெரும்பாலானவை பாஷ் பெயரிலான அறக்கட்டளையிடம் உள்ளன. இந்தியாவில் 1951இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைகோ நிறுவனம் பாஷுடன் இணைந்து ஸ்பார்க் பிளக், டீசல் பம்பு ஆகியவற்றைத் தயாரித்தது. 2008இல் அதன் பெயர் பாஷ் லிமிடெட் என மாற்றப்பட்டது. நிறுவனத்தின் சின்னத்தில் வட்டத்துக்குள் காணப்படும் உருவம் மேக்னெட்டோவின் உள்ளகத்தைக் குறிக்கிறது. 1918இல் அதை வரைந்தவரும் ஹோனோல்ட்தான்.