டானியேல் பூர் ஐயர்

அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து டான்வர்ஸ் என்னும் ஊரில் 1789-ஆம் ஆண்டு பிறந்து, யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் தமிழ் மாணாக்கர்பொருட்டே தம் ஆயுளைச் செலவிட்டவர் டானியேல் பூர் ஐயர். ஏலமலைச் சாரலிலுள்ள போடிநாயக்கனூர், பொட்டிபுரம் முதலிய ஊர்களிலிருந்து கல்வி நாடி மதுரைக்கு இறங்கி வந்தோர் பலர் அவர் பெயரையும் கேட்டிரார். ஆதலின் அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க வரைவாம்.

அவர் டார்ட்மத் கலாசாலையில் 1811-இல் தேறி, பின் ஆண்டோவரில் வேதசாஸ்திரம் பயின்றார். அக்காலமோ பொல்லாத காலம். 1812 ஜூன் மாதத்தில் அமெரிக்கா பிரிட்டன்மீது யுத்தப் பிரகடனஞ் செய்தது. அதே மாதத்திற் கல்கத்தா வந்திறங்கிய அமெரிக்கப் பாதிரிமாரைக் கம்பெனியார் வெளியேறுமாறு பணித்தனர். மிஷனரிகளிடத்துக் கம்பெனியார்க்கு முன்னமே இருந்த வெறுப்போடு பகைநாட்டார் என்னும் ஐயமுஞ் சேர்ந்தது. அவர்களுள் ஒருவரான நியூவெல் ஐயர் மொரீஷியஸ் தீவிலே தம் இளமனைவியைப் புதைத்துவிட்டுத் தனியராய் இலங்கை சேர்ந்தார். யாழ்ப்பாணம் ஊழியத்திற்கேற்ற இடமெனத் தம் நாட்டார்க்கு உணர்த்தியவர் அவரே.

1814 டிசம்பரிற் கெண்ட் நகரத்துச் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. மறு ஆண்டு அக்டோபரிற் பூர் ஐயர் ‘டிரையட்’ என்னுங் கப்பலேறி, 1816 மார்ச்சிற் கொழும்பு சேர்ந்தார்.

அவ்வுடன்படிக்கை முறிந்து, இரு ராஜ்யங்களும் ஒன்றன் ஸ்தானாபதியை மற்றொன்று ஏற்காதிருந்தால் யாது நிகழ்ந்திருக்கும்? இது வீண் கற்பனையென்று தள்ளத்தக்கதன்று. சமாதானம் நிலவிய 1820-இலேயே, அச்சுத்தொழில் நடாத்த வந்த காரெட் என்னும் அமெரிக்கரை இலங்கை அரசினர் தங்கவிடாது அனுப்பிவிட்டனர். புதிய அமெரிக்கர் வருதற்கிருந்த அத்தடை 1833-இலேயே நீங்கிற்று. நட்பிருந்தபோதே இவ்வளவு ஐயமெனில், பகை நீடித்திருந்தால் டிரையட் கப்பல் துறைமுகத்தை விட்டே புறப்பட்டிராது. வட்டுக்கோட்டைக் கலாசாலையும் இல்லை, யாழ்ப்பாணத்தினின்று 1834-இற் கிளைத்த மதுரை மிஷனும் இல்லை என்பதே நமது துணிபு.

தெல்லிப்பழையில் ஊழியந் தொடங்கிய ஐயர் 1821-இல் மனைவியை இழந்தார். உடன்வந்தோருள் வாரன் ஐயர் 1818-இலும், ரிச்சர்ட்ஸ் ஐயர் 1822-இலும் மாண்டனர். ஆயினும் 1823-இல் வட்டுக்கோட்டைக் கலாசாலைக்குத் தலைவராயினார். ஆங்கே ஆங்கிலம், கணிதம், வானசாஸ்திரம் ஆகியவற்றோடு தமிழும் வடமொழியும் கற்பிக்கப்பட்டன. 1829-இல் ஒரு சந்திரகிரகணம் வந்தது. அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் குறித்த நேரமும் ஐயர் கணித்த நேரமும் வேறுபட்டன. ஊரார் வானை நோக்கியிருக்க, ஐயர் கணக்கே பொருந்திற்று. எனினும் முன்னோர் வகுத்த வாய்பாடு கொண்டே அத்துணை அணுகிவந்த சாஸ்திரியாரையும் நாம் மெச்சாதிருத்தல் கூடாது. பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை பின்னாளிற் கற்றது அக்கலாசாலையிலேயே. சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவரில் அவர் ஒருவர்.

1836-இல் மதுரை வந்த ஐயர் ஐந்தாண்டிற்குள் 37 பாடசாலைகளை நிறுவினார். தெருத்திண்ணையில் அமர்ந்து எவரோடும் வாதிக்க அவர் கூசியதில்லை. 1841-இல் யாழ்ப்பாணம் மீண்டார். 1848-இல் தாய்நாடு சென்றவர் அங்கேயே தங்கியிருக்கலாம், தங்கவில்லை. 1855 பிப்ரவரி 3-ஆம் நாள் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார். அவ்வாண்டிலேயே வட்டுக்கோட்டைக் கலாசாலையும் மூடப்பட்டது. அவ்விடத்தில் 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றிற்று.