குமரப்பாவும் கைக்குத்தலரிசியும்

உணவின்றி உயிர்வாழ்தல் இயலாதென்பதை அறியாதார் ஒருவருமிலர். ஆயின், அவ்வுணவு நம் கலத்தை அடையுமுன் எதனை இழந்து வருகின்றது, அவ்விழப்பினால் எவர் வாழ்வு குன்றுகின்றது என ஆராய்வார் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராய் விளங்கிய ஜே. ஸி. குமரப்பா என்னும் தமிழ்ப் பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1892-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள் தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் என்பது. இலண்டன் மாநகரிற் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் அத்தொழிலை நடத்திப் பொருளும் மதிப்பும் ஈட்டினார். 1927-ல் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அரசாங்க வரவுசெலவு முறையை ஆராய்ந்தபோது, நம் நாட்டு வறுமைக்கும் அந்நிய ஆட்சியின் வரிமுறைக்கும் உள்ள தொடர்பு அவருக்குத் தெற்றென விளங்கிற்று. 1929-ல் தாயகம் திரும்பிச் சபர்மதியிற் காந்தியடிகளைக் கண்டார். அன்றுமுதல் அவர் வாழ்வு வேறாயிற்று. குடும்பத்தின் பழம்பெயராகிய குமரப்பா என்பதை மேற்கொண்டு, கதராடை புனைந்து, குஜராத்தில் மாத்தர் தாலுகாக் கிராமங்களின் வரவையும் செலவையும் வீடுதோறும் கணக்கெடுக்கத் தலைப்பட்டார்.

1934-ஆம் ஆண்டு டிசம்பரில் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றிற்று. குமரப்பா அதன் காரியதரிசியானார். மகன்வாடி என்னும் தோட்டத்தில் உரலும் உலக்கையும் திரிகையும் செக்கும் அவருடைய ஆராய்ச்சிக் கருவிகளாயின. இலண்டனிற் கற்ற கணக்காயர் ஒருவர் உலக்கையைப் போற்றியது ஏன்?

நெல்லின் உமியை நீக்கியபின் அரிசியைப் போர்த்து நிற்பது தவிடு. அதனிடத்தும் முளையினிடத்துமே தயாமின் என்னும் உயிர்ச்சத்து மிக்குள்ளது. ஆலையிற் பன்முறை தீட்டப்பெற்ற அரிசி வெண்மை பெறுகின்றது, சத்தை இழக்கின்றது. ஜாவாத் தீவில் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியுண்ட கோழிகள் கால் தளர்ந்து வீழ்ந்ததையும், தீட்டாத அரிசியுண்டு தேறியதையும் 1890-களிற் கண்டார். மாந்தரை வாட்டும் பெரிபெரி நோயின் காரணம் இங்ஙனம் துலங்கலாயிற்று. நெல்லைப் புழுக்கிய பின் குத்துங்கால் அச்சத்தின் ஒரு பகுதி அரிசியினுள்ளே சென்று தங்குமாதலின், புழுங்கலரிசி உண்போர் இக்கேட்டினின்று பெரிதும் தப்பினர்.

குமரப்பா இதனோடு நின்றாரல்லர். நெற்குத்தும் தொழில் ஏழைப் பெண்டிர்க்கு, சிறப்பாகக் கைம்பெண்டிர்க்கு, ஊரிலேயே கூலி தந்து வந்தது. ஆலை அரிசியின் சத்தைக் கொண்டதோடு அவர் கூலியையும் கொண்டது. உண்போன் உடலும் உழைப்போள் வயிறும் ஒருங்கே மெலியும் செல்வம் நிலையுள்ள செல்வமன்று என்பது அவர் துணிபு. வெள்ளைச் சீனிக்கு மாற்றாகப் பனைவெல்லத்தை அவர் ஆதரித்ததும் இப்பொருள் பற்றியே. கள்ளிறக்கும் தொழிலாளர்க்கு அது நல்வழியும் காட்டிற்று.

தவிடு நீங்காத அரிசி நாட்பட வைத்தாற் கெடும் என்பர். மெய்யே, தவிட்டிலுள்ள எண்ணெய் சிக்கேறும். நெல்லாகவே சேமித்து வேண்டும்போது குத்திக்கொள்ளுதலே அதற்கு விடை. போடிநாயக்கனூரினராகிய நமக்கு இது புதிதன்று. மலைச்சரிவில் விளையும் ஏலக்காயை நாம் தோலோடு காத்து, வேண்டும்போது உடைக்கின்றோம். உடைத்து வைத்தால் மணம் போமென அறிவோம். ஏலத்திற்குக் காட்டும் இவ்வறிவை நெல்லிற்குக் காட்டினோமில்லை. நம் பாட்டியர் நாளும் உண்ட கேப்பைக் களியும் சாமைச் சோறும் வறியோர் உணவென ஒதுக்கப்பெற்றன. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பின்னரே பலர் அவற்றைத் திரும்பி நோக்கினர்.

உலக்கை பிடித்தல் கடும் உழைப்பென்பதை மறுப்பதற்கில்லை. இன்று உமியை மட்டும் நீக்கித் தவிட்டை விட்டுவைக்கும் பொறிகள் உள. அவை குமரப்பாவின் முதற்கவலையைத் தீர்க்கும். கூலி பற்றிய இரண்டாங் கவலையோ இன்னும் நம் முன் நிற்கின்றது.

விடுதலைப் போரிற் பன்முறை சிறைபுகுந்த குமரப்பா, சிறையிலிருந்து நிலைபேறுடைய பொருளாதாரம் பற்றியும் இயேசுநாதரின் போதனை பற்றியும் நூல்கள் யாத்தார். நாடு விடுதலை பெற்றபின் அரசு பேராலைகளின் வழியையே பெரிதும் நாடிற்று. அது கண்டு அவர் தம் கொள்கையை மாற்றிக்கொண்டாரல்லர், பதவியையும் நாடினாரல்லர். 1950-களில் மதுரை ஜில்லாவில், ஆண்டிப்பட்டி மலைத்தொடருக்குக் கிழக்கே தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதனத்தில் எளிய குடிலொன்றில் அமர்ந்தார். இரத்த அழுத்த நோய் அவரை வருத்திற்று. நல்லுணவு ஒன்றே எல்லா நோய்க்கும் அரணாகும் எனக் கூறுதல் ஆகாது. 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், அவரும் மறைந்தார்.

மாணவ நண்பர்காள்! விடுதியிலும் வீட்டிலும் நம் இலையில் வீழும் சோற்றின் வெண்மையை வியக்குமுன், அவ்வெண்மைக்கு விலை கொடுத்தவர் எவர் என ஒருகணம் எண்ணுவோமாக. அவ்வெண்ணமே அப்பெரியார்க்கு நாம் செய்யும் கைம்மாறாகும்.