பன்னிரண்டு மாலுமிகளும் ஒரு கப்பல் வைத்தியரும்

உங்களுக்குக் காய்ச்சல் வருகிறது. பாட்டி ஒரு கஷாயம் வைத்துத் தருகிறார். பக்கத்து வீட்டு அத்தை வேறொரு மருந்து சொல்கிறார். இரண்டையும் குடிக்கிறீர்கள், காய்ச்சலும் போய்விடுகிறது. சரி, எதனால் போயிற்று? கஷாயத்தாலா, அத்தை மருந்தாலா, இல்லை தானாகவே போயிற்றா? இதைக் கண்டுபிடிக்க வழி காட்டியவர்தான் ஜேம்ஸ் லிண்ட்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1716-ஆம் ஆண்டு பிறந்த இவர், 1739-ல் பிரிட்டிஷ் கடற்படையில் வைத்தியரின் உதவியாளராகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் எதிரியின் பீரங்கியை விட மாலுமிகளை அதிகம் கொன்றது ஸ்கர்வி என்னும் நோய். ஈறு வீங்கி அழுகும், உடம்பெங்கும் புள்ளிகள் தோன்றும், முழங்கால் தளர்ந்துவிடும். 1740-ல் ஆன்சன் தலைமையில் உலகைச் சுற்றப் புறப்பட்ட கப்பல்களில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது நோய்தான். இதற்கு மருந்து இல்லாமலா? ஏகப்பட்டது இருந்தது! ஆளுக்கொன்று சொன்னார்கள். எது நல்லது என்று ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

1747-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள். சாலிஸ்பரி என்ற போர்க்கப்பலில் வைத்தியராக இருந்த லிண்ட், நோயாளிகளில் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார். எல்லாருக்கும் முடிந்தவரை ஒரே மாதிரி நோய்நிலை. ஒரே இடத்தில் படுக்கை. ஒரே சாப்பாடு: காலையில் பசியாற இனிப்புக் கஞ்சி, மதியம் ஆட்டிறைச்சி ரசம் என்று. பிறகு இரண்டிரண்டு பேராகப் பிரித்து மருந்தை மட்டும் மாற்றினார். இருவருக்கு ஆப்பிள் மது, இருவருக்குக் கந்தக அமிலம் கலந்த சொட்டு மருந்து, இருவருக்குக் காடி, இருவருக்குக் கடல் தண்ணீர் (பாவம்!), இருவருக்குப் பூண்டும் கடுகும் சேர்த்து அரைத்த உருண்டை. மீதி இருவருக்குத் தினமும் ஆளுக்கு இரண்டு ஆரஞ்சு, ஓர் எலுமிச்சை.

ஏன் சாப்பாட்டை ஒன்றாக வைத்தார் தெரியுமா? ஒருவன் நல்ல சாப்பாடு சாப்பிட்டு மற்றவன் பட்டினி கிடந்தால், குணமானது மருந்தாலா சாப்பாட்டாலா என்று எப்படிச் சொல்வது? அதுதான் சங்கதி. குணம் என்பதையும் அவர் வாய்வார்த்தையாக விடவில்லை. ஈறு எப்படி, புள்ளி மறைந்ததா, எழுந்து வேலை பார்க்க முடிகிறதா என்று பார்த்தார்.

ஆறே நாளில் கப்பலில் பழம் தீர்ந்துபோனது. ஆனால் அதற்குள் பழம் தின்றவர்களில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் நிலைக்கு வந்துவிட்டார்! மற்றவர், மீதி நோயாளிகளைக் கவனிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார். அடுத்தபடியாக ஆப்பிள் மது குடித்தவர்களிடம் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது.

குறையே இல்லாத சோதனை என்று சொல்லமாட்டேன். குழுவுக்கு இரண்டு பேர் ரொம்பக் குறைவு. அதோடு, நோய் முற்றியிருந்த இருவருக்குத்தான் கடல் தண்ணீரைக் கொடுத்தார். இன்றைய ஆராய்ச்சியில் யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலத்தான் முடிவு செய்வார்கள்.

லிண்ட் 1753-ல் பெரிய நூலொன்று எழுதினார். நானூறு பக்கத்துக்கு மேல். சோதனைக்கு அதில் சில பக்கங்கள்தான். ஈரக் காற்று, அடைபட்ட வியர்வை என்று நோய்க்கு வேறு காரணங்களையும் நம்பினார். பழம் நெடுநாள் கெடாமலிருக்கச் சாற்றைச் சூட்டில் வற்ற வைத்துப் பாகாக்கச் சொன்னார். அந்தச் சூட்டிலேயே சத்து அழிந்துவிடும். பழத்தைச் சோதித்தது போலப் பாகையும் அப்போதே சோதித்திருக்கக் கூடாதா! எனக்கு இதுதான் ஆற்றாமை.

1758 முதல் ஹாஸ்லார் கடற்படை மருத்துவமனையில் பணியாற்றிய அவர் 1794-ல் காலமானார். மறு ஆண்டு, 1795-ல், மருத்துவர் கில்பர்ட் பிளேன் முதலானோரின் முயற்சியால் எலுமிச்சைச் சாறு கொடுக்கக் கடற்படை உத்தரவிட்டது. அந்தச் சோதனை நடந்து அப்போது நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பழத்தில் இருந்த மருந்து வைட்டமின் சி என்பது 1930-களில்தான் தெரியவந்தது.