கல்லீரலில் கண்ட கருவூலம்

தேர்வில் ஒருமுறை தவறினாலே உலகம் இருண்டதாக எண்ணிக் கலங்குகிறோம். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்ற ஒருவர், எண்ணற்ற உயிர்களைக் காக்கும் மருந்துகளை உலகிற்கு வழங்கினார். அவரே டாக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895 ஜனவரி 12 அன்று ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். அன்னை வெங்கம்மாவின் உறுதியால் படிப்பைத் தொடர்ந்து, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்றாம் முறை எழுதி வென்றார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். தகுதியே கிடைத்தது.

இதனிடையே ஸ்ப்ரூ என்னும் கிராணி நோய் அவருடைய உடன்பிறந்தாரைப் பலிகொண்டது. அதற்கு மருந்து காணும் வேட்கையுடன் அமெரிக்கா சென்றார். இரவில் மருத்துவமனை ஊழியராக உழைத்துக்கொண்டே ஹார்வர்டில் பயின்றார். உடல் திரவங்களில் பாஸ்பரஸை அளக்கும் முறையைப் பிஸ்கே என்பாருடன் 1925இல் வெளியிட்டார். உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்னும் பொருளையும் தசையிலிருந்து பிரித்தெடுத்தார். ஆயினும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை.

1940இல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். விலங்குகளின் கல்லீரல் சாறு சிலவகை இரத்தசோகையைக் குணப்படுத்துவதை மருத்துவர்கள் அறிந்திருந்தனர். அச்சாற்றில் மறைந்திருந்த போலிக் அமிலத்தை அவருடைய குழுவினர் பிரித்தெடுத்து, 1945இல் செயற்கையாகவும் உருவாக்கினர். அது கிராணி நோயையும் தணித்தது! அவ்வமிலத்தின் அமைப்பைச் சிறிது மாற்றிச் செய்த மருந்தே, இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு முதன்முதலில் தற்காலிகக் குணமளித்தது. யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசானும் அக்குழுவின் கொடையே.

இவ்வெற்றிக்குக் கொடுத்த விலை பெரிது. அவர் தாயகம் திரும்பவேயில்லை. மனைவி சேஷகிரி அவரை மீண்டும் காணவுமில்லை. 1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், நியூயார்க்கில் அவர் மறைந்தார். 1995இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

தோழியரே! நம் கரிசல் நிலத்தில் விளையும் பாசிப்பயறிலும் உளுந்திலும், நாம் தட்டில் ஒதுக்கி வைக்கும் கீரையிலும் அச்சத்து உண்டு. பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையிலும் போலிக் அமிலம் சேர்ந்துள்ளது. அதை முகம் சுளித்து விழுங்கும்போது, மும்முறை முயன்று வென்ற அந்த மாணவரை நினைவுகூர்வோம். தோல்வி கண்டு துவளாது உழைப்போம்!