நூல்களோடு வாழ்ந்த மறைமலையடிகள்

தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை மறைமலையடிகள் என்று நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாக வந்து போய்விடுகிறார் அவர். அந்தப் பெரியவர் தம் வாழ்நாள் முழுவதும் எப்படிப் படித்தார், எதற்காகப் படித்தார் என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

அடிகள் 1876ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15ஆம் நாள் நாகப்பட்டினத்தில் பிறந்தார். தந்தையார் சொக்கநாத பிள்ளை, தாயார் சின்னம்மையார். பெற்றோர் இட்ட பெயர் வேதாசலம். நாகையில் வெஸ்லி மிஷன் பள்ளியில் பயின்று வந்தார். தந்தையார் காலமானார். குடும்ப நிலை காரணமாக ஒன்பதாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றது. ஆம், தோழியரே, நம் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு உள்ள ஏட்டுப் படிப்புதான் அவருக்கும்!

அந்நாளில் நாகையில் நாராயணசாமிப் பிள்ளை என்னும் தமிழ்ப் புலவர் ஒருவர் புத்தகக் கடை வைத்திருந்தார். மனோன்மணீயம் இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளைக்கும் தமிழ் கற்பித்தவர் அவர். சிறுவர் வேதாசலம் அவரை அடுத்துத் தமிழ் பயின்றார். ஆசிரியரும் புத்தகங்களும் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டன. மாணவருக்கு வேறென்ன வேண்டும்? தொல்காப்பியமும் சங்க நூல்களும் இவ்வாறுதான் அவருக்கு உரிமையாயின. ஆங்கிலமும் வடமொழியும்கூட அவர் பெரும்பாலும் தம் முயற்சியால் கற்றுத் தேர்ந்தவையே.

1898ஆம் ஆண்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குத் தமிழாசிரியர் தேவைப்பட்டார். இக்கல்லூரி என்றால் இன்று நமக்குத் தாம்பரம் நினைவுக்கு வரும். அது அங்கே சென்றது 1937இல்தான். அப்போது பாரிமுனைப் பக்கம் இருந்தது. அங்கே தமிழ்த் தலைமை வகித்தவர் பரிதிமாற்கலைஞர் எனப்பட்ட சூரியநாராயண சாஸ்திரியார். பட்டம் எதுவும் பெறாத அந்த இருபத்திரண்டு வயது இளைஞரின் புலமையை அவர் கண்டுகொண்டார், வேலை கிடைத்தது.

நிறையப் படிப்பவர்கள் மேலோட்டமாகப் படிப்பார்கள் என்று சிலர் எண்ணுவதுண்டு. அடிகள் விஷயத்தில் அது பொருந்தாது. பத்துப்பாட்டில் மிகச் சிறியது முல்லைப்பாட்டு. 103 அடிகளே கொண்டது. நாமாக இருந்தால் அரை மணியில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். அடிகளோ அந்த 103 அடிகளைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை என்னும் அந்நூல் 1903இல் வெளிவந்தது. பட்டினப்பாலைக்கும் அவ்வாறே செய்தார். காளிதாசரின் சாகுந்தலத்தை வடமொழியிலிருந்து தமிழாக்கினார்.

இலக்கியத்தோடு அவர் நின்றுவிடவில்லை. உடல் நலம், உள நூல், அறிதுயில், மரணத்துக்குப் பின் மனிதர் நிலை என்று ஆங்கிலத்தில் வந்தவற்றையெல்லாம் தேடிப் படித்துத் தமிழில் நூல்கள் எழுதினார். ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியரின் கதையைக் கூட விடவில்லை. அதைத் தழுவிக் குமுதவல்லி என்ற நாவலைப் படைத்தார். படித்த புத்தகத்தின் ஓரங்களிலே குறிப்பு எழுதுவது அவர் வழக்கம். (நூலகப் புத்தகத்தில் நாம் அப்படிச் செய்யக் கூடாது, அவர் எழுதியது தம் சொந்தப் புத்தகங்களில்!) ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நாட்குறிப்பும் எழுதி வந்தார். தனித்தமிழ் வளர்த்த அப்பெரியார் நாட்குறிப்பை ஆங்கிலத்தில் எழுதினார் என்பது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

1911இல் ஒரு சோதனை வந்தது. கல்லூரிப் பாடத்திட்டத்தில் தமிழ் கட்டாயமில்லை என்றாயிற்று. பதின்மூன்று ஆண்டு வேலையை விட்டு வெளியேறினார் அடிகள். முப்பத்தைந்து வயது, பெரிய குடும்பம், மாதச் சம்பளம் இல்லை. பல்லாவரத்தில் குடியேறினார். சொற்பொழிவுகளும் தாம் எழுதிய நூல்களுமே வருவாய்க்கு வழி. இலங்கைக்கும் சென்று பேசினார். வீட்டிலேயே அச்சுக்கூடம் வைத்தார். இந்த நிலையிலும் அவர் புத்தகம் வாங்குவதை நிறுத்தவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. சுமார் நாலாயிரம் நூல்கள் சேர்ந்தன. அந்த நூல் நிலையத்துக்கு மணிமொழி நூல்நிலையம் என்று பெயரிட்டார்.

அவர் மகள் நீலாம்பிகை அந்தப் புத்தகங்களுக்கு நடுவே வளர்ந்தவர். 1916இல் ஒரு நாள் தந்தை வள்ளலார் பாடலொன்றைப் பாடி, அதில் வரும் தேகம் என்ற வடசொல்லுக்குப் பதில் யாக்கை என்ற தமிழ்ச்சொல் இருந்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்றார். அன்று முதல் பிறமொழி கலவாமல் எழுதுவோம் என்று தந்தையும் மகளும் முடிவு செய்தார்கள். வேதாசலம் மறைமலையானது அப்போதுதான். மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது இருக்கும். அந்தச் சிறுமி வளர்ந்து, வடசொற்களுக்கு நேரான தமிழ்ச் சொற்களைத் திரட்டி ஓர் அகரவரிசையே வெளியிட்டார். தந்தையின் புகழ் மகளின் உழைப்பை மறைத்துவிட்டது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

நீலாம்பிகை அம்மையார் தந்தைக்கு முன்பே மறைந்தார். அடிகள் 1950ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் எழுதி வைத்த விருப்ப ஆவணத்தில், வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களைத் தம் மக்களுக்குப் பங்கிடவில்லை. பொதுமக்கள் படிப்பதற்கென்று விட்டார். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் அவற்றைக் கொண்டு 1958இல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூல்நிலையத்தைத் திறந்தனர். பிற நூல்களும் அதிலே சேர்ந்து பெருகின. பின்னாளில் அது எழும்பூர்க் கன்னிமாரா நூலகக் கட்டடத்துக்கு மாறியது. முகப்பேரிலிருந்து நாம் பேருந்தேறிப் போய்விடக்கூடிய தூரந்தான்.