கண் தெரியாதவர் கடலடியில் இறுக்கிய திருகு

சேற்றுக்கும் மணலுக்கும் மேலே ஒரு கட்டடத்தை நிறுத்துவது கடினம். அது கடலுக்கு நடுவே என்றால் இன்னும் கடினம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாறை இருந்த இடத்தில் வெளிச்சவீடு கட்டினார்கள். கப்பல்கள் தரைதட்டிய மணல்திட்டுகளில் கட்ட வழி தெரியாதிருந்தது. வழியைக் கண்டவர் பார்வையற்ற ஒரு செங்கல் உற்பத்தியாளர்.

அலெக்சாண்டர் மிட்செல் 1780இல் டப்ளினில் பிறந்து பெல்பாஸ்டில் வளர்ந்தவர். சிறுவயதிலிருந்தே மங்கிவந்த பார்வை 22 வயதளவில் முற்றாகப் போய்விட்டது. செங்கல் செய்து விற்றும் வீடுகள் கட்டியும் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1833இல், 53 வயதில், திருகுத் தூணுக்குக் காப்புரிமை பெற்றார்.

யோசனை எளிமையானது. இரும்புத் தூணின் நுனியில் அகன்ற திருகுத் தகடு. தச்சனின் துறப்பணம் மரத்துக்குள் இறங்குவதுபோல அது மணலுக்குள் இறங்கும். இறங்கிய பின் மேலேயுள்ள மண்ணின் பாரமே தகட்டை அழுத்திப் பிடிப்பதால் இலகுவில் பிடுங்க முடியாது.

1838இல் தேம்ஸ் நதி முகத்துவாரத்தின் மேப்ளின் மணல்திட்டில் இப்படி 9 தூண்கள் இறக்கப்பட்டன. ஆட்கள் நீண்ட கம்புகளைத் தள்ளியபடி சுற்றி நடந்து ஒவ்வொன்றையும் சுமார் 22 அடி ஆழத்துக்குத் திருகினார்கள். 1840இல் பிளீட்வூட் அருகே வயர் வெளிச்சவீடும் 1841இல் மேப்ளின் வெளிச்சவீடும் ஒளிர்ந்தன. மிட்செல் படகில் போய், கைகளால் தடவிப் பார்த்தே வேலையைச் சோதிப்பார்.

எல்லாம் வெற்றியில்லை. டப்ளினுக்கு அப்பால் கிஷ் திட்டில் அவரது முயற்சியைப் புயல் முறித்தது. மேப்ளின் வெளிச்சவீடும் 1932இல் விழுந்தது. நீரோட்டம் அடிமணலை அரித்துவிட்டது. கடற்காற்றாலைகளை வடிவமைப்பவர்களுக்கு இந்த அரிப்பு இன்றும் பெரிய கவலை.

திருகுத் தூணும் இப்போது அவர்களிடம் வந்திருக்கிறது. காற்று உச்சியில் தள்ளும்போது பல கால்களில் நிற்கும் காற்றாலையின் ஒருபக்கக் கால் கீழே அழுந்தும், மறுபக்கக் கால் மேலே இழுபடும். அந்த இழுவையைத் தாங்குவதே திருகின் பலம். சம்மட்டியால் அறைந்து தூண் இறக்கும் பேரொலி கடல் உயிரினங்களைப் பாதிக்கிறது. திருகி இறக்கினால் அந்தச் சத்தம் இல்லை. அதனால் ஆய்வாளர்கள் பெரிய அளவுத் திருகுகளைக் கணினி மாதிரிகளிலும் ஆய்வுகூட மணலிலும் சோதிக்கிறார்கள்.

போரில் கண்ணையோ காலையோ இழந்தவர்களைப் பற்றி என்னைப் போன்றவர்கள் எழுதுவது பெரும்பாலும் இரண்டு வகை: பரிதாபம், அல்லது தனிமனித சாதனை. மிட்செலை நான் இரண்டிலும் அடக்க மாட்டேன். அவருக்குத் திறமை இருந்தது. கூடவே ஒரு தொழில், கூட்டாக வேலைசெய்த மகன், யோசனையைக் காத்த சட்டம் எல்லாம் இருந்தன. பிரித்தானிய சிவில் பொறியியலாளர் நிறுவனம் 1837இல் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1848இல் டெல்போர்ட் பதக்கமும் கொடுத்தது. பார்வையில்லாதவருக்கு ஏன் இந்த வேலை என்று அது கதவைச் சாத்தவில்லை.

1868இல் மிட்செல் பெல்பாஸ்டில் காலமானார். எங்கள் ஊர்களில் பார்வையிழந்தவர்களுக்கு உதவித்தொகையும் மேடையில் ஒரு பொன்னாடையும் கிடைத்துவிடுகின்றன. அவர்களின் யோசனையைக் கேட்டு வேலையை ஒப்படைக்கும் இடங்கள் எத்தனை?