தரங்கம்பாடி மணலில் தமிழ் பயின்ற சீகன்பால்கு ஐயர்

காவிரி கடலோடு கலக்குமிடத்திற்குத் தெற்கே சிறிது தொலைவில் தரங்கம்பாடி என்னும் ஊர் உளது. 1620ஆம் ஆண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் அவ்வூரில் வாணிகம் செய்யும் உரிமையை டேனியர்க்கு அளித்தார். அவர்கள் கடற்கரையில் டான்ஸ்பர்க் கோட்டையைக் கட்டி, மிளகும் துணியும் ஏற்றிப் பொருளீட்டி வந்தனர். எண்பத்தாறு ஆண்டுகள் சென்றும் அவர்களுள் ஊராருடைய மொழியை ஊன்றிக் கற்றார் அரியர். வாணிகத்திற்குக் கொச்சைப் போர்த்துக்கீசியமும் ஒரு துபாஷியும் போதுமென்பது அவர்கள் கொள்கை. இத்தகைய ஊருக்கு 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் வந்திறங்கிய ஓர் இளைஞரின் சரித்திரமே ஈண்டுக் கூறப்புகுவது.

பர்த்தலோமேயு சீகன்பால்கு 1682ஆம் ஆண்டு ஜெர்மனி தேசத்துச் சாக்சனி நாட்டிலுள்ள புல்ஸ்நிட்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தார். ஹாலே நகரில் பிராங்கே என்னும் பேராசிரியரை அடுத்துக் கல்வி பயின்றார். வயிற்றுப் பிணியும் மெலிந்த தேகமும் அவரைக் கடைசிவரை விட்டகலவில்லை. டென்மார்க்கு அரசர் நான்காம் பிரடெரிக் தம் ஆட்சிக்குட்பட்ட இந்தியக் கரைக்குச் சமயத் தொண்டரை அனுப்ப விரும்பியபோது, இவரும் ஹென்ரிக் புளூட்சோ என்பவரும் தெரிந்தெடுக்கப்பட்டனர். 1705ஆம் ஆண்டு நவம்பரில் கோபன்ஹேகனை விட்ட கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏழு திங்களுக்கு மேல் ஓடியது.

வந்தவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு இரங்கத்தக்கது. கம்பெனியாருக்கு அரசரின் எண்ணம் சிறிதும் உவப்பாயில்லை. சமயம் பேசப்புகுந்தால் ஊரார் மனம் மாறுபட்டு வாணிகம் கெடும் என்று அஞ்சினர். கோட்டைத் தலைவர் ஹாசியுஸ் அரசரது கட்டளைப் பத்திரத்தைக் கண்டும், தங்க இடந்தராது, இருவரையும் கடைவீதி வெளியில் நிற்கவிட்டுச் சென்றார். பொழுது சாய்ந்த பின்னரே ஒருவர் இரங்கி அவர்களைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். அஃது ஆனி மாதத்துக் கடைசி. மேற்கிலிருந்து அனற்காற்று வீசுங் காலம். குளிர்தேசத்துக் கம்பளி அங்கியுடன் அம்மணலில் நின்றவர் நிலையை நம் நாட்டார் எளிதில் உணர்வர்.

சில நாட்களில் இருவரும் தமக்குள் வேலையைப் பகுத்துக்கொண்டனர். புளூட்சோ ஐயர் போர்த்துக்கீசியத்தை மேற்கொண்டார். சீகன்பால்கு ஐயர் தமிழைக் கைக்கொண்டார். அக்காலத்து ஐரோப்பியர் நம் மொழியை மலபார் பாஷை என்றே வழங்கினர். அதற்குரிய அகராதியும் அச்சிட்ட இலக்கணமும் அவருக்கு அங்கே கிட்டவில்லை. ஆகவே முதிய திண்ணைப் பள்ளி உபாத்தியாயர் ஒருவரை வேண்டி, அவர் தம் பள்ளியைத் தங்கள் வீட்டிலேயே நடத்தும்படி செய்தனர். சிறுவர்கள் சம்மணமிட்டுத் தரையிலமர்ந்து மணலிலே விரலால் அகரம் எழுதினர். இருபத்துநான்கு வயதுள்ள அவ்வாலிபரும் அவர்களிடையே அமர்ந்து அவ்விதமே எழுதினார். நாற்காலியில் இருந்து பழகிய கால்களுக்குச் சம்மணமிடுதலே ஒரு பாடமாயிருந்திருக்கும்.

எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. உபாத்தியாயருக்குத் தமிழன்றி வேறு பாஷை தெரியாது. அவர் சொன்னதை ஐயர் திருப்பிச் சொல்லலாமேயன்றி, யாது சொன்னோம் என்று அறிய வழியில்லை. இந்நிலையில் அழகப்பன் என்பவர் வந்து சேர்ந்தார். இவர் கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளராயிருந்தவர். போர்த்துக்கீசியம் முதலிய ஐரோப்பிய பாஷைகளிற் பேச வல்லவர். அவர் துணைகொண்டு ஐயர் பேச்சுத் தமிழை விரைவிற் பற்றிக்கொண்டார். பின்னாளில் இதே அழகப்பன் ஐயருக்கு உதவிய காரணத்தால் பலரது பகைக்கு ஆளாகி ஊரைவிட்டு நீங்க நேர்ந்தது. சீகன்பால்கு ஐயரின் புகழைப் பேசுவோர் அழகப்பனை மறந்துவிடுவது நன்றியன்று.

அடுத்த ஆண்டாகிய 1707இல் கடற்கரையிலே ஒரு சிறு கோயில் கட்டப்பட்டபோது, ஐயர் அதிலே தமிழிற் பிரசங்கம் செய்தார். ஆயினும் பேச்சு வந்ததுகொண்டு அவர் திருப்தியடையவில்லை. கடைவீதித் தமிழ் வேறு, ஏட்டுத் தமிழ் வேறு என்பதை அவர் கண்டுகொண்டார். 1708ஆம் ஆண்டில் அவர் தாய்நாட்டாருக்கு எழுதிய கடிதமொன்றில் தமது நாட்போக்கை விவரித்திருக்கிறார். காலை ஏழுமுதல் எட்டுவரை முன் கற்ற சொற்களையும் தொடர்களையும் திருப்பிப் பார்த்தல். எட்டுமுதல் பன்னிரண்டுவரை, முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருக்க, முன் படியாத நூல்களைப் படித்தல். உண்ணும்போதும் ஒருவர் அருகிருந்து ஏடு வாசித்தல். வெயிலின் கொடுமையால் நடுப்பகலில் ஒரு நாழிகை ஓய்வு. மாலையிலும் இரவிலும் மீண்டும் ஏடு. எவருடைய நடையைத் தாம் பின்பற்ற விரும்பினாரோ அவருடைய நூலையே பலமுறை ஓதுவித்தார்.

ஓலைச்சுவடி படிப்பது எளிதன்று. அக்காலத்து ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேற்றுமையில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலிருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளியுமில்லை. தமிழிற் பிறந்து வளர்ந்தோரே தடுமாறும் இவ்வெழுத்தை அவர் தடையின்றிப் படிக்கலானார். ஏடு வாங்கும் பொருட்டுத் தம் எழுத்தர்களை உள்நாட்டுக்கு அனுப்பினார். அந்தணர் குலத்துக் கைம்பெண்கள், கணவர் விட்டுச்சென்ற சுவடிகளைச் சிறு விலைக்குக் கொடுத்தனர். இவ்வாறு இரண்டாண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றின் பொருளையும் சுருக்கமாய்க் குறித்து அவர் 1708இல் ஓர் அட்டவணை வகுத்தார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மானிய பாஷையில் மொழிபெயர்த்தார்.

இங்ஙனம் கற்கக் கற்க அவர் உள்ளத்தில் ஒரு மாறுதல் உண்டாயிற்று. இந்நாட்டார் கல்வியும் ஒழுக்கமும் அற்ற மூர்க்கர் என்னும் எண்ணத்தோடுதான் அவரும் கப்பலேறினார். நூல்களைக் கண்டபின் அவ்வெண்ணம் பிழையென்று வெளிப்படையாக எழுதினார். இந்நாட்டுச் சமயங்களை அவர் மறுத்தவரே என்பதில் ஐயமில்லை. ஆயினும், தாம் மறுப்பதை முதலில் முழுதும் அறிந்துகொள்ள வேண்டுமென்று கருதினார்.

இதற்கிடையில் இன்னல்களும் குறையவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த பணப்பெட்டி கரைசேருமுன் கடலில் அமிழ்ந்தது. ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் வழக்கிலே அவள் பக்கம் பரிந்து பேசியது காரணமாக ஹாசியுஸுடன் பூசல் முற்றி, 1708ஆம் ஆண்டுக் கடைசியில் ஐயர் டான்ஸ்பர்க் கோட்டையிற் சிறை வைக்கப்பட்டார். நான்கு திங்கள் அவ்வெப்ப அறையிற் கிடந்தார். அந்நிய நாட்டிலே தன் இனத்தாரால் ஒருவன் படுந்துன்பம், அந்நியரால் படுவதினும் கொடிது போலும்.

1711இல் புளூட்சோ ஐயர் தாய்நாடு திரும்பினார். சீகன்பால்கு ஐயர் அச்சுத்தொழிலில் முயன்றார். லண்டனிலிருந்து நண்பர் அனுப்பிய அச்சியந்திரம் வழியிற் பல இடுக்கண்பட்டு 1712இல் வந்தது. உடன் புறப்பட்ட அச்சாளர் வழியிலேயே இறந்தார். கோட்டைச் சிப்பாய்களுள் அத்தொழில் அறிந்தார் ஒருவர் அகப்பட்டது நல்வினையே. ஹாலேயில் வார்த்து 1713இல் வந்த தமிழெழுத்துக்கள் மிகப் பெரியனவாயிருந்தமையின் காகிதம் ஏராளமாய்ச் செலவாயிற்று. ஆகவே சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்க்கத் துணிந்தனர். அதற்கு ஈயம் வேண்டுமே! இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைப் பொதிந்திருந்த ஈயத்தகடுகளையே உருக்கினர் என்பது வியப்புத் தருஞ் செய்தி. அருகிலுள்ள பொறையாற்றில் காகிதஞ் செய்யும் ஆலையும் நிறுவினர். அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1714, 1715ஆம் ஆண்டுகளில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வெளிவந்தது. அதன் நடை குற்றமற்றதென்று கூற இயலாது. தரங்கம்பாடித் தமிழை வீரமாமுனிவர் எள்ளினார். பின்வந்த பெப்ரீசியுஸ் ஐயர் மொழிபெயர்ப்பைப் புதிதாகச் செய்தார். அந்நிய மொழியைப் புதிதாகக் கற்றவர்க்கு இக்குறை நேர்தல் இயல்பே.

1714இல் ஐயர் ஐரோப்பா சென்றார். அங்கே 1716இல் அவரது தமிழ் இலக்கணம் ஹாலேயில் இலத்தீன் மொழியில் அச்சாயிற்று. மரியா டோரதேயா சால்ட்ஸ்மன் என்னும் நங்கையை மணந்து அவ்வாண்டே திரும்பினார். புதிய எருசலேம் என்னும் ஆலயம் 1718இல் கட்டிமுடிந்தது. ஆயின் கோபன்ஹேகனிலிருந்த சங்கத்துச் செயலாளர் வெண்ட் என்பவர், கட்டிடங்களுக்குப் பொருளைச் செலவிடுதல் தகாது, அப்போஸ்தலர்போல் வெறுங்கையராய்த் திரிதலே தகும் என்று கடிந்து எழுதலானார். மழையில் ஓலைக்கூரை ஒழுகுவதையும் பள்ளிப்பிள்ளைகளுக்கு நாள்தோறும் அரிசி அளக்க வேண்டியதையும் கோபன்ஹேகனிலிருந்து எங்ஙனம் காண்பார்? கோட்டைச் சிறையைத் தாங்கிய உள்ளம் இக்கடிதங்களைத் தாங்கவில்லை. 1719ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில், சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியிலே உயிர் நீத்தார். அவ்வாலயத்திலேயே அடக்கஞ் செய்யப்பட்டார்.

தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி ஹாலேக்கு அனுப்பிய பெருநூலை அங்குள்ளார் அச்சேற்ற விரும்பவில்லை. இந்நாட்டு மக்களின் சமயமும் கல்வியும் வாழ்க்கையும் குறித்து 1711இல் எழுதியதும் அவ்வாறே கிடந்தது. முன்னது 1867இல் ஜெர்மன் என்பவரால் சென்னையில் அச்சிடப்பட்டது; பின்னது 1926இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது.